முன்பக்கம் 'டொக் டொக்': பழைய ஃபோர் பை ஃபோர் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழை ஓய்ந்து, சாலைப் பள்ளங்கள் எல்லாம் வெளியே தலைகாட்டியதும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, முன்னாடி ஏதோ சத்தம் வருது, என்னன்னே தெரியல." நான் மெக்கானிக் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, 2012 மாடல் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) ஒன்று, அதன் அடியில் படுத்தே கழிந்த ஞாயிற்றுக்கிழமைகள். இவ்வளவுதான் என் தகுதி. வண்டிக்கு முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), பின்னால் பட்டை (அடுக்கிய இரும்புத் தகடு ஸ்பிரிங்). ஒரே பதிலை ஆளுக்கொரு முறை சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சத்தம் வருகிறது. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். நான் மாற்றித்தான் கெட்டேன்.

சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது, ரெட்டிச்சாவடி தாண்டியதும் இடது முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஆரம்பித்தது. பெரிய பள்ளத்தில் இல்லை, ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் சின்னச் சின்ன மேட்டில்தான் வரும். ஒரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "ஷாக் போயிடுச்சு சார்" என்றார்கள். இரண்டு ஷாக் அப்சார்பரும் மாற்றினேன். வீடு வந்து சேர்வதற்குள் அதே சத்தம். அடுத்து "லோயர் ஆர்ம் புஷ்" என்றார்கள், அதாவது சக்கரத்தைச் சேஸிஸோடு பிடிக்கும் கீழ்க் கை (ஆர்ம்) சேருமிடத்து ரப்பர். அதையும் மாற்றினேன். சத்தம் இம்மியும் குறையவில்லை.

கடைசியில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வண்டியைக் குழிமேல் நிறுத்தச் சொன்னார். பையனை பம்பரின் இடது மூலையில் ஏறிக் குதிக்கச் சொல்லிவிட்டு என்னையும் குழிக்குள் இறக்கினார். ஒவ்வொரு ஜாயிண்டாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று என் கையைப் பிடித்து ஸ்டெபிலைசர் லிங்க் ராடின் (திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சின்னக் கம்பி) மேல் வைத்தார். பையன் ஒவ்வொரு முறை மிதித்தபோதும் விரல் நுனியில் 'டிக்' என்று ஓர் அதிர்வு. அந்தச் சத்தம் காதுக்கு என்னவோ இரண்டடி பின்னால், கால் மிதிக்குக் கீழே இருந்து வருவது போலத்தான் கேட்டது. "காதை நம்பாதீங்க தம்பி, கையை வைங்க" என்றார். சேஸிஸ் முழுக்க இரும்பு. ஒரு முனையில் தட்டினால் இன்னொரு முனையில் கேட்கும். ஷாக்குக்குக் கொடுத்த காசுக்கு எத்தனை லிங்க் ராடு வந்திருக்கும் என்று அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

எப்போது சத்தம் வருகிறது என்பதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், பாதி தூரம் வரை.

சின்ன மேடுபள்ளத்தில், ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது 'டக டக' என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷும்தான். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கும்போது ஒரே ஒரு கனமான 'டொக்' என்றால் ஷாக்கின் மேல் புஷ், பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குண்டு மூட்டு), அல்லது ஆர்ம் கீழே தொங்கித் தன் எல்லையில் இடிப்பது. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'கிர்ர்' என்றோ 'டக்' என்றோ வந்தால் பால் ஜாயிண்டையும் டை ராடு எண்டையும் (ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தைப் பிடிக்கும் முனை) பாருங்கள். பிரேக் பிடிக்கும் நேரம் மட்டும் ஒரு 'டக்' என்றால் ஆர்ம் புஷ்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. கரடுமுரடான ரோட்டில் கடகடவென்று ஆடும் சத்தம், பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுபோகிறதா? அது சஸ்பென்ஷனே இல்லை. பிரேக் பேடோ, காலிப்பர் பின்னோ தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, பத்து வினாடி போதும். யாரும் செய்வதில்லை.

வீட்டிலேயே பார்க்க முடியுமா? என்னென்ன வேண்டும்?

நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு அணை கொடுக்கக் கட்டை அல்லது கருங்கல், ஒரு டயர் லிவர், டார்ச், உதவிக்கு ஓர் ஆள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், பாரத்தில் பொட்டென்று நொறுங்கிவிடும். ஃபோர் பை ஃபோர்காரர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) லிவர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டு நிறுத்தினாலும் சக்கரத்துக்கு அந்தப் பிடிப்பு போய்ச் சேராது. வண்டி உருளும்.

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். எது என்று பிரிக்க, உதவிக்கு இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட். அடுத்து 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்டோ ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கமோதான்.

லிங்க் ராடை உறுதி செய்ய இதைவிட எளிய வழி, இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கம்பியால் ஒதுக்கிக் கட்டிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று போய் வருவது. சத்தம் போய்விட்டதா, ஆள் அகப்பட்டுவிட்டான். அப்படியே ஈசிஆரில் ஏறிவிடாதீர்கள். லிங்க் இல்லாமல் திருப்பத்தில் வண்டி நன்றாகச் சாயும்.

'கீச் கீச்' என்று முனகும் ரகமாக இருந்தால் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு புஷ்ஷில் தண்ணீரை ஊற்றி வண்டியை ஆட்டுங்கள். அடுத்ததில் ஊற்றி ஆட்டுங்கள். எதில் தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான்.

பால் ஜாயிண்டை ஆட்டிப் பார்த்தேன், உடும்புப் பிடியாக இருக்கிறது. ஆனாலும் மெக்கானிக் போய்விட்டது என்கிறார். யார் சொல்வது சரி?

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஜாக்கியை எங்கே வைத்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வண்டியின் எடையை ஒரு பால் ஜாயிண்ட் தாங்குகிறது, இன்னொன்று வெறுமனே வழிகாட்டுகிறது. டார்ஷன் பாரோ காயில் ஸ்பிரிங்கோ எந்த ஆர்மைப் பிடித்திருக்கிறதோ, அந்த ஆர்மின் ஜாயிண்ட்தான் எடை தாங்குவது. தேய்வதும் பெரும்பாலும் அதுதான். கீழ் ஆர்மில் ஸ்பிரிங் இருக்கும் வண்டியை சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். ஜாயிண்ட் இறுகியே நிற்கும், உள்ளே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வெளியே காட்டாது. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாக வைத்துத் தூக்குங்கள். இப்போது ஜாயிண்டின் பாரம் இறங்கிவிடும். சக்கரத்துக்கு அடியில் லிவரைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

மேல் ஆர்மில் டார்ஷன் பார் இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் கதை தலைகீழ்: மேல் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்பது அடியில் குனிந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். நம் ஊர் மண்ணும் உப்புத் தண்ணீரும் உள்ளே போன பிறகு அதற்கு அதிக நாள் ஆயுள் இல்லை.

பெரிய டயர் போட்டேன், உரசாமல் இருக்க டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தை ஏற்றினார்கள். அப்போதிலிருந்து வேகத்தடையில் 'டங்' என்கிறது. எந்தப் பார்ட் போயிருக்கும்?

எதுவும் போகவில்லை. முறுக்கியதுதான் காரணம்.

டார்ஷன் பார் என்பது நீட்டி நிமிர்த்திய ஸ்பிரிங். ஒரு முனை ஆர்மில், மறு முனை சேஸிஸில். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். சேஸிஸ் முனையில் இருக்கும் அட்ஜஸ்டர் போல்ட்டை இறுக்கினால் வண்டி உயரும், ஆனால் சக்கரம் ஆடும் மொத்தத் தூரம் கூடாது. முன்பு நடுவில் நின்ற ஆர்ம் இப்போது கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. சக்கரம் தொங்குவதற்கு மிச்சம் இருப்பது இரண்டு விரல் அளவுதான். வேகத்தடையின் மறுபக்கம் இறங்கும்போது ஆர்ம் போய்த் தன் கடைசி ரப்பரில் இடிக்கிறது. அந்த 'டங்' அதுதான். கூடவே முன் ஆக்ஸிலின் சிவி ஜாயிண்டும் (வளைந்தபடியே சக்கரத்தைச் சுழற்றும் மூட்டு) கோணலாக ஓடி, அதன் உறை சீக்கிரம் கிழியும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். கம்பெனி சொன்ன உயரத்துக்கு இறக்குங்கள். முதலில் உயரம், அப்புறம் அலைன்மென்ட். மாற்றிச் செய்தால் இரண்டு தடவை காசு.

கம்பியையே கழற்றுவதாக இருந்தால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அதில் அடங்கியிருக்கும் விசை லேசுப்பட்டதல்ல. கழற்றுவதற்கு முன் கம்பி, ஆர்ம், அட்ஜஸ்டர் மூன்றிலும் பெயின்ட் கோடு போட வேண்டும், போல்ட் எவ்வளவு வெளியே நீட்டியிருந்தது என்று அளந்து எழுத வேண்டும். இடது கம்பி இடதுக்கே, வலது வலதுக்கே. மாற்றிப் போடக் கூடாது. கம்பியின் மேல் சுத்தியலோ உளியோ பட்டுக் கீறல் விழுந்தால் பின்னால் அங்கிருந்துதான் விரியும்.

ஷாக்கை எப்போது மாற்றலாம்?

எண்ணெய் சொட்டினால், அல்லது ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தால். மேலே லேசாக எண்ணெய்ப் பசை மட்டும் படிந்திருப்பது பெரிய விஷயமில்லை. பம்பரை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை காருக்குச் சரி, இந்த மாதிரி கனமான வண்டியில் அவ்வளவாகப் பிடிபடாது. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

ஆர்ம் புஷ் புதிதாகப் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி கிழிந்துவிட்டது. டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் போல்ட்டை எப்படி இறுக்கினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ரப்பர் புஷ்ஷின் உள் ஸ்லீவ், போல்ட் இறுகியதும் அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் மேலும் கீழும் போவது ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைக் கீழே இறக்கிய நொடியிலிருந்து அது முறுகியே கிடக்கும். பள்ளத்தில் இன்னும் முறுகும். கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தின் மேல் நிற்கவைத்து, இரண்டு முறை அமுக்கிவிட்டு, அதன் பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். குழியோ ராம்ப்போ இல்லாத பட்டறையில் இதைச் செய்யச் சலித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள். நான் தேவையில்லாமல் மாற்றினேனே, அந்தப் புஷ்ஷையும் இப்படித்தான் தொங்கவிட்டு இறுக்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு எதிரி வாட்டர் சர்வீஸ். கழுவி முடித்ததும் "அடியில டீசல் அடிச்சு விடட்டுமா சார்?" என்பார்கள். துரு பிடிக்காதாம். டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும், கொஞ்ச நாளில் புஷ் பஞ்சாகிவிடும். அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சத்தம் போகட்டும் என்று ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவுவதும் இதே பாவம்தான். ரப்பருக்குத் தடவியே ஆக வேண்டுமென்றால் சிலிக்கான் கிரீஸ்.

ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போடலாமா?

உழைக்கும். ஆனால் சத்தத்தைக் குறைக்க அதைப் போடுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி. சிலிக்கான் கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடும், ரோட்டின் சொரசொரப்பெல்லாம் ஸ்டீயரிங்குக்கு வரும். நான் ரப்பர் கட்சி.

போல்ட் கழலவே மாட்டேன் என்கிறது. கடற்கரை ஊரில் எல்லோருக்கும் இப்படித்தானா?

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் வீடு என்றால் இப்படித்தான். உப்புக் காற்றில் போல்ட்டும் புஷ்ஷின் உள் ஸ்லீவும் துருவேறி ஒன்றாகிவிடும். ஸ்பேனர் போட்டால் போல்ட் சுற்றும், கழன்றுவருகிறது என்று சந்தோஷப்படுவீர்கள். உண்மையில் ஸ்லீவும் சேர்ந்து சுற்றி, ரப்பர்தான் முறுகிக்கொண்டிருக்கும்.

முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். காலையில் ஒருமுறை அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ஹேக்ஸா பிளேடை விட்டு அறுத்தெடுப்பதே நல்லது. கேஸ் கட்டர் என்றால் பிரேக் ஹோஸும் டீசல் பைப்பும் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டுத்தான். புது போல்ட் போடும்போது ஸ்லீவுக்குள் உட்காரும் வழவழப்பான பகுதியில் மட்டும் காப்பர் கிரீஸ் தடவுங்கள். மரையில் தடவினால் இறுக்கத்தின் கணக்கு மாறிவிடும். போல்ட் தலையில் ஒருபக்கம் பெருத்த வாஷர் இருந்தால் அது அலைன்மென்டுக்கானது. கழற்றும் முன் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் வண்டி நின்றது. அதற்குப் பிறகு முன்பக்கம் 'உம்ம்' என்று ஒரு முனகல்.

2024 நவம்பர் கடைசியில் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூருக்குள் வந்தது. அப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற வண்டிகள் வெகுநாள் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தன. வேகம் கூடக் கூட முனகலும் கூடினால் வீல் பேரிங். வலப்பக்கம் வளையும்போது சத்தம் அதிகமானால் இடது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், இடப்பக்கம் என்றால் வலது. வளைவில் பாரம் வெளிச்சக்கரத்தில் ஏறுவதுதான் காரணம்.

வெள்ளம் பார்த்த ஃபோர் பை ஃபோரில் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடாக ஓடிய ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

என்னுடையது மாருதி ஜிப்ஸி. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தாது. ஜிப்ஸிக்கும் பழைய ஜீப்புக்கும் முன்னாலும் பட்டைதான், நீள ஆக்ஸில்தான். டார்ஷன் பாரும் இல்லை, ஆர்ம் புஷ்ஷும் இல்லை. பட்டைக்குப் பட்டை உரசினால் கீச்சிடும். ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு பிடிக்கும் இணைப்பு) புஷ் தேய்ந்தால் கடகடக்கும். ஆக்ஸிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் தளர்ந்தால் கனமாக இடிக்கும். கடைசியாகச் சொன்னதை லேசாக விடாதீர்கள். யூ போல்ட் தளர்ந்து ஆக்ஸில் அசைய ஆரம்பித்தால் சென்டர் போல்ட் அறுந்துவிடும், அப்புறம் ஆக்ஸில் இடம்மாறி வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். பட்டை வேலை செய்தால் 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். ஸ்டீயரிங் உதறலும் சேர்ந்து இருந்தால் கிங் பின் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபோர் வீல் போட்டால் மட்டும் சத்தம். இதுவும் சஸ்பென்ஷனா?

இல்லை. தார் ரோட்டில் போட்டுத் திருப்பினீர்களா? முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் நம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், பின்சக்கரம் விடாது. காய்ந்த ரோட்டில் டயர் வழுக்கவும் வழியில்லை. இறுகி இறுகி 'டங்' என்று விடும். ஃபோர் வீலை மண்ணில் மட்டும் போடுங்கள்.

மண் ரோட்டிலும், முழுசாகத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று வரிசையாக வந்தால் சிவி ஜாயிண்ட். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் சிதறியிருக்கும், பார்த்தாலே தெரியும். முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது அடியில் ஒரு 'டணக்' என்றால் அடியில் ஓடும் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு. மண்ணில் சோதிக்கிறேன் என்று கடற்கரை மணலில் இறக்காதீர்கள். தை முதல் பங்குனி வரை நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் காலம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர் போகும் வண்டிப்பாதை எத்தனையோ இருக்கிறது.

புதுப்பேட்டையில் பழைய பார்ட் வாங்கிப் போடலாமா?

சென்னை புதுப்பேட்டையில் ஆர்ம், நக்கிள், பிராக்கெட் மாதிரி இரும்புச் சாமான் வாங்கலாம், வளைவும் விரிசலும் இல்லையென்றால். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், புஷ், ஷாக் பழையது வேண்டவே வேண்டாம். ஒருவர் தூக்கிப்போட்டது அது.

இப்படியே எவ்வளவு நாள் ஓட்டலாம்?

லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ் என்றால் சம்பளம் வரும்வரை ஓட்டலாம், காது பொறுத்தால். ஷாக் என்றால் மெதுவாக ஓட்டி ஓரிரு வாரத்தில் மாற்றுங்கள். பால் ஜாயிண்டிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போய்விடும். டை ராடு கழன்றால் நீங்கள் ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் ஒரு பக்கம் போகும். பட்டறை இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. சத்தம் இன்னும் இருக்கிறது.

சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மவுன்ட்களைப் பார்த்தீர்களா? பழைய வண்டியில் அவை நசுங்கி, போல்ட் தளர்ந்து, சஸ்பென்ஷன் மாதிரியே இடிக்கும். பேட்டரி கிளாம்ப், பானெட் லாக், அடித்தகடு, ஸ்டெப்னி எல்லாவற்றையும் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள்.

வில்லியனூரிலிருந்து ஒரு நண்பர் இரண்டு மாதமாக இதே புலம்பலோடு வந்துகொண்டிருந்தார். பால் ஜாயிண்ட் புதுசு, புஷ் புதுசு, ஷாக் புதுசு. போன மாதம் குழியில் இறங்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கை கழுவிவிட்டு, பேச்சுவாக்கில் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஜாக்கி ராடு, அதைப் பிடிக்கும் ரப்பர் பட்டை இல்லாமல், தாராளமாக உருண்டுகொண்டிருந்தது.